இருபத்தெட்டில் ஒன்று

1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ், பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் ஹைப்ரிட் கார். பெட்ரோல் எஞ்சினையும் மின்மோட்டாரையும் ஒரே வண்டியில் இணைத்து, பிரேக் போடும்போது வெப்பமாக வீணாகிப்போகும் ஆற்றலை மின்சாரமாக மாற்றிச் சேமித்து, வண்டி மறுபடி நகரத் தொடங்கும்போது அதையே செலவிடுவதுதான் ஹைப்ரிட் ஏற்பாட்டின் அடிப்படை. இந்தச் சேமிப்பைத் தாங்கும் உயர் மின்னழுத்த பேட்டரி வயதாகும்போது எப்படிக் கெடுகிறது, கெட்ட பகுதியை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது எந்த அளவுக்குப் பலன் தரும் என்பவை இந்த அத்தியாயத்தின் பொருள். 2004 முதல் 2009 வரையிலான மாடல் ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய இரண்டாம் தலைமுறை பிரியஸ் இங்கே மாதிரியாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதன் பேட்டரி அமைப்பு விளக்குவதற்கு எளிது என்பதோடு, பின்னால் வந்த பல டொயோட்டா ஹைப்ரிட்களும் ஏறக்குறைய அதே வடிவமைப்பையே எண்ணிக்கையை மட்டும் மாற்றிப் பின்பற்றின என்பதும் அதற்குக் காரணம்.

அந்த வண்டியின் பின்னிருக்கைக்குப் பின்னால், டிக்கியின் தரைப்பலகைக்கு அடியில், உலோகப் பெட்டி ஒன்று கிடைமட்டமாகக் கிடக்கிறது. அதைத் திறந்தால், தடித்த புத்தகங்களை அலமாரியில் நெருக்கி நிறுத்தியது போல 28 பிளாஸ்டிக் கட்டிகள் வரிசையாக நிற்பது தெரியும். ஒவ்வொரு கட்டியும் ஒரு மாட்யூல். சுமார் ஒரு கிலோ எடையும் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தடிமனும் கொண்டது. மாட்யூலுக்குள் 1.2 வோல்ட் மின்னழுத்தமுள்ள ஆறு செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் இணைக்கப்பட்டிருப்பதால், மாட்யூலின் பெயரளவு மின்னழுத்தம் 7.2 வோல்ட் ஆகிறது. 28 மாட்யூல்களும் அதே போலத் தொடராக இணையும்போது 201.6 வோல்ட் கிடைக்கிறது. மொத்தச் செல்கள் 168. செல்லின் கொள்ளளவு 6.5 ஆம்பியர்-மணி, அதாவது 6.5 ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் கொடுக்கவல்ல அளவு. மொத்த மின்னழுத்தத்தையும் இந்தக் கொள்ளளவையும் பெருக்கினால் முழுப் பெட்டியிலும் இருக்கும் ஆற்றல் 1.3 கிலோவாட்-மணிதான், இன்றைய மின்கார் ஒன்றின் பேட்டரி இதைப்போலப் பல பத்து மடங்கு பெரியது. இந்தச் சிறிய கையிருப்பையும் கணினி முழுவதுமாகச் செலவிட விடுவதில்லை. கொள்ளளவில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காமலும் 80 விழுக்காட்டுக்கு மேலே ஏறாமலும், பெரும்பாலும் 60 விழுக்காட்டை ஒட்டியே அதை நிறுத்திவைக்கிறது. பேட்டரி பத்துப் பதினைந்து ஆண்டுகள் தாக்குப்பிடிப்பதற்கு இந்தக் கட்டுப்பாடே முதற்காரணம். நுகர்வோர் பொருள்களைச் சோதிக்கும் அமெரிக்க இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், 2 லட்சம் மைலுக்கு மேல் ஓடிய 2002ஆம் ஆண்டு பிரியஸ் ஒன்றை 2011இல் சோதித்துப் பார்த்தபோது, பத்தாண்டுகளுக்கு முன் புது வண்டியில் கிடைத்த எரிபொருள் சிக்கனத்துக்கும் இதற்கும் வேறுபாடு மிகச் சிறிதாகவே இருந்தது.

இந்தச் செல்கள் நிக்கல்-உலோக ஹைட்ரைடு வகையைச் சேர்ந்தவை. நேர்மின்வாயில் நிக்கல் ஹைட்ராக்சைடும், எதிர்மின்வாயில் ஹைட்ரஜனைத் தன்னுள் உறிஞ்சி வைத்திருக்கும் உலோகக் கலவையும், இரண்டுக்கும் இடையில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நனைந்த மெல்லிய பிரிப்பான் துணியும் இருக்கின்றன. உலோகம் வாயுவைக் குடித்து வைத்துக்கொள்ளும் என்பது கேட்பதற்கு விந்தையாக இருந்தாலும், நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரிலுள்ள பிலிப்ஸ் ஆய்வுக்கூடம் 1960களின் இறுதியிலேயே இத்தகைய கலவைகளில் அதைக் கண்டறிந்துவிட்டது. சமேரியமும் கோபால்ட்டும் சேர்ந்த காந்தப் பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் அது ஹைட்ரஜனை ஏராளமாக உறிஞ்சுவதைக் கண்டார்கள். தொடர்ந்து லாந்தனமும் நிக்கலும் ஒன்றுக்கு ஐந்து என்ற விகிதத்தில் சேர்ந்த கலவையும் அதே குணத்தை அறையின் வெப்பநிலையிலேயே காட்டியது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு ஓவ்ஷின்ஸ்கியின் நிறுவனம் வேறு உலோகக் கலவைகளைக் கொண்டு இதை வணிகப் பொருளாக்கியவற்றுள் முன்னின்றது. மின்னேற்றம் செய்யும்போது, அதாவது சார்ஜ் ஏற்றும்போது, கரைசலின் நீரிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் உலோகக் கலவையின் அணுக்களுக்கு இடையே புகுந்து அமர்கிறது, மின்னிறக்கத்தின்போது வெளியேறுகிறது. வாயு உள்ளே நுழையும்போது உலோகத் துகள் உப்புகிறது, வெளியேறும்போது சுருங்குகிறது. பல்லாயிரம் முறை உப்பிச் சுருங்கிய துகள் விரிசல் விட்டுப் பொடிகிறது. புதிதாகத் திறந்த ஒவ்வொரு பரப்பையும் காரக் கரைசல் அரிக்கிறது. அந்த அரிப்பில் செல்லின் நீர் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிறது. மூப்பின் மையம் இங்கேதான் இருக்கிறது. நீர் குறையக் குறையப் பிரிப்பான் துணி உலர்கிறது, அயனிகள் கடந்து செல்லும் வழி குறுகுகிறது, செல்லின் உள்மின்தடை உயர்கிறது. அரிப்பில் கரைந்த கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோகங்கள் பிரிப்பான் துணியில் படிந்து, இரு மின்வாய்களுக்கும் நடுவே மிக நுண்ணிய கசிவுப் பாதைகளை உண்டாக்குகின்றன. வண்டி சும்மா நிற்கும்போதும் சில செல்கள் மற்றவற்றைவிட வேகமாகத் தம் மின்னேற்றத்தை இழப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

168 செல்களும் இப்படி ஒரே சீராக மூப்படைந்தால் சிக்கல் அவ்வளவு கடுமையாக இருக்காது. பேட்டரியின் கொள்ளளவு மெல்லக் குறையும், எஞ்சின் சற்று அதிகம் வேலை செய்யும், ஓட்டுநர் எரிபொருள் கணக்கில் சிறு உயர்வைக் காண்பார், அவ்வளவே. ஏற்றத்தாழ்வுதான் பேட்டரியைக் கொல்கிறது. தொடர் இணைப்பில் எல்லாச் செல்களிலும் ஒரே மின்னோட்டமே பாயும். எந்தச் செல்லும் தன்னால் இயன்றதை மட்டும் தருவேன் என்று விலகிக்கொள்ள முடியாது. பந்தியில் பரிமாறுபவர் யாருடைய வயிற்றையும் கேட்காமல் எல்லா இலைக்கும் ஒரே அளவு சோறு வைத்துக்கொண்டு போவது போல, மின்னேற்றம் எல்லாச் செல்லுக்கும் சமமாகவே போய்ச் சேர்கிறது. கொள்ளளவு சுருங்கிய செல் மற்றவை பாதி நிறைவதற்குள் நிரம்பி வழிகிறது, மின்னிறக்கத்தில் மற்றவற்றுக்கு முன்பே காலியாகிறது. கணினியோ ஒட்டுமொத்தப் பெட்டியின் சராசரியை வைத்தே 40க்கும் 80க்கும் இடையில் நிற்பதாக நம்பிக்கொண்டிருக்கும்.

முன்கூட்டியே காலியான செல்லின் வழியாக மற்ற 167 செல்களும் தொடர்ந்து மின்னோட்டத்தைத் தள்ளும்போது நிகழ்வது துருவ மாற்றம் எனப்படும். அந்தச் செல்லின் மின்னழுத்தம் சுழியைக் கடந்து எதிர்த்திசைக்குப் போகிறது. நேர்மின்வாயில் தோன்றக் கூடாத ஹைட்ரஜன் அங்கே குமிழியிடுகிறது. உள்ளழுத்தம் எல்லை மீறினால் பாதுகாப்பு வால்வு திறந்து வாயு வெளியேறுகிறது. நிரம்பி வழியும் பக்கத்தில் சேதம் சற்று மெதுவாக நடக்கிறது. இந்தச் செல்களில் எதிர்மின்வாயின் கொள்ளளவு நேர்மின்வாயினுடையதைவிட வேண்டுமென்றே பெரிதாக வைக்கப்பட்டிருப்பதால், மிகை மின்னேற்றத்தின்போது நேர்மின்வாயில் தோன்றும் ஆக்சிஜன் எதிர்மின்வாய்க்குச் சென்று அங்கேயே மீண்டும் நீராகிவிடுகிறது. மூடிய செல் வெடிக்காமல் இருப்பது இந்த அழகான ஏற்பாட்டால்தான். ஆனால் அந்தச் சேர்க்கையில் வெளிப்படும் வெப்பம் முழுவதும் செல்லுக்குள்ளேயே தங்குகிறது. வெப்பம் அரிப்பை விரைவுபடுத்துகிறது, அரிப்பு கொள்ளளவைக் குறைக்கிறது, குறைந்த கொள்ளளவு மேலும் மிகை மின்னேற்றத்துக்கு ஆளாகிறது. ஆக, பின்தங்கத் தொடங்கிய செல் தன் பின்தங்கலைத் தானே வளர்த்துக்கொள்கிறது. பதினைந்து ஆண்டுகளாக ஓடிய பேட்டரி, கடைசிச் சில மாதங்களில் திடீரென்று சரிவது இதனால்தான்.

எந்தச் செல் முதலில் பின்தங்கும் என்பது தயாரிப்பின்போது ஏற்பட்ட சிறு வேறுபாட்டைப் பொறுத்ததுதான் என்றாலும், இடமும் அதைத் தீர்மானிக்கிறது. ஓரங்களில் உள்ள மாட்யூல்களின் வெப்பம் பெட்டியின் உலோகச் சுவருக்குக் கடந்துவிடும். நடுவில் நிற்பவை இருபுறமும் சூடான அண்டையோரிடையே சிக்கியிருக்கும். எனவே கெட்டுப்போன மாட்யூல் பெட்டியின் நடுப்பகுதியில் இருப்பது வழக்கம். மாட்யூல்களுக்கு இடையே விடப்பட்ட மெல்லிய இடைவெளிகளின் வழியாக மின்விசிறி காற்றைச் செலுத்துகிறது. அந்தக் காற்று பயணிகள் அமரும் பகுதியிலிருந்து, பின்னிருக்கையின் பக்கவாட்டில் உள்ள துளைகள் வழியாக எடுக்கப்படுகிறது. மனிதருக்கு இதமான வெப்பநிலையே பேட்டரிக்கும் இதம் என்பதால் பொறியாளர்கள் இப்படித் தேர்ந்தார்கள். ஆனால் மனிதர் இருக்கும் இடத்தில் கம்பளி நூலும், தூசியும், வளர்ப்பு நாயின் முடியும் இருக்கும் என்பதற்கு இரண்டாம் தலைமுறை வண்டியில் போதிய ஏற்பாடு இல்லை. பழைய வண்டி ஒன்றின் விசிறியைக் கழற்றினால் அதன் இறக்கைகளில் கம்பளித் துணி போலத் தூசி ஒட்டியிருப்பதைக் காணலாம். அந்தத் துளையின்மேல் பையையோ போர்வையையோ போட்டுவைத்தாலும் விளைவு இதுவே. மாட்யூல் மாற்றுவதைப் பற்றி எழுதுபவர்களில் பலர் இந்த விசிறியை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். அதைச் சுத்தம் செய்யாமல் புது மாட்யூல் வைப்பது, பழைய நோய்க்கு மறுபடி ஆள் சேர்ப்பதே ஆகும்.

ஓட்டுநருக்கு இவை எதுவும் தெரிவதில்லை. அவருக்குத் தெரிவதெல்லாம் ஒரு நாள் முகப்புப் பலகையில் எரியும் சிவப்பு முக்கோணம்தான். பேட்டரியைக் கண்காணிக்கும் கணினி ஒவ்வொரு செல்லையும் அளப்பதில்லை, ஒவ்வொரு மாட்யூலையும்கூட அளப்பதில்லை. அடுத்தடுத்த இரண்டு மாட்யூல்களை ஓர் இணையாகக் கொண்டு 14 இணைகளின் மின்னழுத்தங்களை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வண்டி முடுக்கப்படும்போது பேட்டரியிலிருந்து பெரும் மின்னோட்டம் இழுக்கப்படுகிறது. உள்மின்தடை உயர்ந்த இணையின் மின்னழுத்தம் அப்போது மற்ற இணைகளைவிடக் கூடுதலாகச் சரிகிறது. சரிவின் வேறுபாடு அனுமதித்த அளவைத் தாண்டினால் கணினி பி0ஏ80 என்ற பிழைக்குறியைப் பதிவு செய்கிறது. அதன் அதிகாரப்பூர்வமான பொருள், ஹைப்ரிட் பேட்டரியை மாற்றுக என்பது. கூடவே 14 இணைகளில் எது பலவீனமானது என்பதைக் காட்டும் துணைக்குறிகளும் வருவதுண்டு. இவ்வாறு 168 செல்களில் ஒன்று கெட்டதற்காக 168ஐயும் தூக்கிப் போடும்படி வண்டியே சொல்கிறது. அந்தச் சொல்லை எந்த அளவுக்கு ஏற்பது என்பதில்தான் முகவரின் பணிமனையும் தெருவோரப் பணிமனையும் பிரிகின்றன.

பிழைக்குறியை முழுமையாக நம்புவதற்கு முன் பார்க்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. மாட்யூல்களின் முனைகளை ஒன்றோடொன்று இணைக்கும் செப்புப் பட்டைகள், பணிமனை வழக்கில் பஸ்பார்கள், ஆண்டுகள் செல்லச் செல்லப் பச்சை பூத்து அரிக்கப்படுகின்றன. முனைகளின் ஓரமாகக் கசியும் காரக் கரைசலின் ஈரம் அதற்குத் துணைபோகிறது. மின்னழுத்தத்தை அளக்கும் மெல்லிய கம்பிகளும் அதே திருகின்கீழ்தான் பிடிக்கப்பட்டிருக்கின்றன. அரிப்பால் தொடர்பு தளர்ந்த கம்பி, நல்ல மாட்யூலையும் கெட்டதாகக் கணினிக்குக் காட்டிவிடும். அப்படிப்பட்ட வண்டியில் மாட்யூலை மாற்றினாலும், மாற்றும் சாக்கில் பட்டைகள் துடைக்கப்பட்டதால்தான் பிழைக்குறி மறைகிறது. புகழ் மட்டும் புது மாட்யூலுக்குப் போய்ச்சேர்கிறது.

முழு பேட்டரியையும் புதிதாக வாங்குவதே பிழையற்ற வழி என்பதில் ஐயமில்லை. ஆனால் பதினைந்து வயதுக் காரின் சந்தை விலையோடு அந்தச் செலவை ஒப்பிடும்போது பலர் தயங்குகிறார்கள். ஜப்பானில் ஓடி முடித்த ஹைப்ரிட் வண்டிகளைப் பழைய நிலையில் இறக்குமதி செய்த நாடுகளில் இந்தத் தயக்கம் ஒரு தொழிலையே உருவாக்கியிருக்கிறது. மங்கோலியாவின் உலான்பாத்தர் தெருக்களில் பழைய பிரியஸ் நிறைந்திருக்கிறது. இலங்கையிலும் 2010களில் வரிச் சலுகையால் பிரியஸ், டொயோட்டாவின் இன்னொரு ஹைப்ரிட்டான அக்குவா போன்றவை பெருமளவில் வந்திறங்கின. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை தனியார் கார்களுக்குக் கதவு மூடியே இருந்ததால், இருக்கும் வண்டியை எப்படியேனும் ஓடவைப்பது என்பது விருப்பத்தேர்வாக இல்லாமல் கட்டாயமாயிற்று. அக்குவாவின் பெட்டியில் 28க்குப் பதிலாக 20 மாட்யூல்கள், 144 வோல்ட். மற்றபடி கதை ஒன்றே. இந்தியாவில் பிரியஸ் மிகக் குறைவாகவே விற்றது என்றாலும், 2013 முதல் பெங்களூருக்கு அருகே பிடதியில் பொருத்தி விற்கப்பட்ட கேம்ரி ஹைப்ரிட்டில் இதே குடும்பத்தைச் சேர்ந்த 34 மாட்யூல்கள் இருந்தன. அவையும் இப்போது இதே வயதை எட்டுகின்றன.

மாட்யூல் மாற்றும் வேலையில் முதலில் வருவது பாதுகாப்பு. அது சடங்காகச் சொல்லப்படும் எச்சரிக்கை அன்று. 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்திசை மின்னழுத்தம் ஆபத்தானது எனக் கொள்ளப்படுகிறது. இங்கே இருப்பது 200. பெட்டியின் ஓரத்தில் உள்ள ஆரஞ்சு நிறக் கைப்பிடி கொண்ட சர்வீஸ் பிளக்கைக் கழற்றினால் தொடர் இணைப்பு இடையில் துண்டிக்கப்படுகிறது. அதன்பிறகு, இன்வெர்ட்டரில், அதாவது பேட்டரியின் நேர்திசை மின்சாரத்தை மோட்டாருக்குரிய மாறுதிசை மின்சாரமாக்கும் கருவியில், மின்தேக்கிகள் வெறுமையாகும்வரை மாடலுக்கேற்ப 5 முதல் 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டால் எல்லாம் செத்துவிட்டது என்ற எண்ணமே மிகவும் ஆபத்தானது. சங்கிலி இரண்டாகப் பிரிந்திருக்கிறதே தவிர, ஒவ்வொரு துண்டும் இன்னும் ஆளைத் தாக்கும் மின்னழுத்தத்துடன் இருக்கிறது, அதை அணைக்கும் சுவிட்ச் எதுவும் உலகில் கிடையாது. பஸ்பார்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்யூல்களைத் தனித்தனியாக்கும்வரை 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை கையில் இருக்க வேண்டும். மோதிரமும் கைக்கடிகாரமும் இருக்கக் கூடாது. ஒற்றை மாட்யூல் 8 வோல்ட் அளவே என்பதால் உடலுக்குத் தீங்கில்லை என்றாலும், அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் பாயும் மின்னோட்டம் இரும்பைப் பழுக்கச் சூடாக்கப் போதுமானது.

தனித்தனியான 28 மாட்யூல்களையும் மேசைமேல் வரிசையாக வைத்து மல்ட்டிமீட்டரால் அளந்தால் என்ன தெரியும்? செல் ஒன்று முழுவதும் செத்துப்போன மாட்யூல் மட்டும் மற்றவற்றைவிட 1.2 வோல்ட் அளவுக்குக் குறைவாகக் காட்டித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மற்றவை எல்லாம் 7.8, 7.9 என்று ஒரே குரலில் பேசும். அவசரப் பணிமனைகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. குறைவாகக் காட்டிய ஒன்றை எடுத்துவிட்டு, அதே மின்னழுத்தம் காட்டும் பழைய மாட்யூல் ஒன்றை வைத்துப் பெட்டியை மூடிவிடுகின்றன. நிக்கல்-ஹைட்ரைடு செல்லின் மின்னழுத்தம் 20 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடு வரை ஏறக்குறையத் தட்டையாகவே இருக்கும் என்பதும், கடைசியாக மின்னேற்றப்பட்டதா மின்னிறக்கப்பட்டதா என்பதைப் பொறுத்தே அது சிறிது மாறும் என்பதும் அவர்கள் கணக்கில் வருவதில்லை. ஓய்வில் இருக்கும் மாட்யூலின் மின்னழுத்தம் அதன் உடல்நிலையைப் பற்றி அநேகமாக ஒன்றும் சொல்வதில்லை.

சுமை ஏற்றினால்தான் உண்மை வெளிவரும். எளிய சோதனைக்குக் காரின் முகப்பு விளக்கு பல்பு ஒன்றே போதும். 12 வோல்ட்டுக்கு 55 வாட் அளவுள்ள அந்த பல்பை மாட்யூலுடன் இணைத்தால் 3 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் பாயும். மீட்டரில் 7.9 காட்டிய இரண்டு மாட்யூல்களை எடுத்துக்கொள்ளலாம். பல்பை இணைத்ததும் இரண்டும் சற்றே இறங்குகின்றன. நல்ல மாட்யூல் இறங்கிய இடத்தில் நின்றுகொண்டு, இரண்டு நிமிடம் கழித்தும் நூறில் ஒரு பங்கு வோல்ட்டுகளாகத்தான் நழுவுகிறது. நலிந்த மாட்யூல் தொடக்கத்தில் அதனோடு ஒத்துச் செல்வது போலவே தோன்றும். பிறகு அதன் கடைசி இலக்கங்கள் வேகமாக ஓடத் தொடங்கி, சில நொடிகளுக்குள் ஒரு வோல்ட்டுக்கு மேல் படியிறங்கி அடுத்த தளத்தில் நிற்கும். ஆறு செல்களில் ஒன்று காலியாகிவிட்ட தருணம் அது. மீட்டரின் திரையில் இப்படி ஒரு செல் விழுவதை ஒருமுறை பார்த்தவர் பிறகு ஓய்வு மின்னழுத்தத்தை நம்புவதில்லை.

முறையான சோதனை இதைவிட நீண்டது. பொம்மை விமானங்களுக்கும் கார்களுக்கும் பயன்படும் கணினிக் கட்டுப்பாடுள்ள சார்ஜர் ஒன்றைக் கொண்டு ஒவ்வொரு மாட்யூலையும் முழுமையாக மின்னேற்றி, பிறகு செல்லுக்கு 1 வோல்ட் என்ற கணக்கில் 6 வோல்ட் வரை மின்னிறக்கி, எத்தனை மில்லி ஆம்பியர்-மணி வெளிவந்தது என்று பதிவு செய்ய வேண்டும். இந்தச் சுழற்சியை இரண்டு மூன்று முறை செய்யும்போது, நீண்ட காலம் குறுகிய எல்லைக்குள்ளேயே பயின்று சோம்பிப்போன மாட்யூல்கள் ஓரளவு கொள்ளளவைத் திரும்பப் பெறுவதுண்டு. முதல் சுற்றில் 4000 காட்டிய மாட்யூல் மூன்றாவது சுற்றில் 5000ஐத் தொடலாம். நீரை இழந்து உலர்ந்த செல் எத்தனை சுழற்சிக்குப் பின்னும் மீளாது என்பதால், சுழற்சியே மருந்து என்று விளம்பரப்படுத்துவது மிகை. முழு மின்னேற்றத்தைச் சார்ஜர் எப்படி அறிகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. ஏறிக்கொண்டே வந்த மின்னழுத்தம் உச்சியைத் தொட்டபின், மேற்கொண்டு மின்னோட்டம் செலுத்தியும் செல்லுக்குச் சில மில்லிவோல்ட் கீழே இறங்கும். நிரம்பிய செல்லில் ஆக்சிஜன் சேர்க்கை தொடங்கி வெப்பம் உயர்வதே இதற்குக் காரணம். சார்ஜர் இந்தச் சிறு சரிவுக்காகக் காத்திருந்து நிறுத்துகிறது. ஆறு செல்களும் ஒத்த நிலையில் இல்லாத மாட்யூலில் அவை வெவ்வேறு நேரங்களில் உச்சியைத் தொடுவதால் சரிவு மங்கிப்போய், சார்ஜர் ஏமாந்து, மாட்யூல் கொதிப்பேறும். இந்த வேளையில் மாட்யூல் பக்கவாட்டில் உப்பும் என்பதால், இரண்டு பலகைகளுக்கு இடையே இறுக்கிப் பிடித்து வைத்தே மின்னேற்ற வேண்டும். ஒருமுறை உப்பிய மாட்யூல் மறுபடி பெட்டிக்குள் அதன் இடத்தில் அடங்காது.

கொள்ளளவுக்கு அடுத்தது கசிவு. முழுமையாக மின்னேற்றிய மாட்யூல்களை இரண்டு மூன்று வாரம் சும்மா விட்டுவைத்து அளந்தால், தானே வேகமாக இறங்குபவை அடையாளம் தெரியும். பணிமனைகள் மிகவும் வெறுக்கும் சோதனை இது. வண்டி அவ்வளவு நாள் மேசையருகே முடங்கிக் கிடக்க எந்த வாடிக்கையாளரும் ஒப்புவதில்லை. ஆனால் கொள்ளளவில் நன்றாகத் தேறிவிட்டு வண்டியில் ஏறிய சில மாதங்களில் பிழைக்குறியைத் திரும்பக் கொண்டுவரும் மாட்யூல்கள், பெரும்பாலும் இந்தச் சோதனையில் மட்டுமே பிடிபடக்கூடியவை.

மாற்று மாட்யூலைத் தேர்வதில் உள்ள விதி சற்று வியப்பானது: மிக நல்ல மாட்யூல் வேண்டியதில்லை, மற்ற 27க்கும் ஒத்த மாட்யூல் வேண்டும். எல்லாம் 4500ஐ ஒட்டிய கொள்ளளவில் இருக்கும் பெட்டியில் 6500 உள்ள புது மாட்யூலை நட்டால், அதன் கூடுதல் வலிமையால் யாருக்கும் பயனில்லை. பெட்டியின் எல்லையை இன்னமும் பலவீனமானதே தீர்மானிக்கும். அதைவிட முக்கியம், பெட்டியில் வைக்கும் கணத்தில் 28இன் மின்னேற்ற அளவும் சமமாக இருப்பது. எல்லாவற்றையும் இணை இணைப்பில், அதாவது நேர்முனைகளை ஒன்றாகவும் எதிர்முனைகளை ஒன்றாகவும் சேர்த்து, ஒரு நாள் விட்டுவைக்கும் வழக்கம் உண்டு. மின்னழுத்தம் தட்டையான வேதியியலில் இந்தச் சமன்படுத்தல் அரைகுறையாகவே நடக்கும் என்பதால், எல்லாவற்றையும் முழுமையாக மின்னேற்றிவிட்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே அளவு ஆம்பியர்-மணியை எடுத்துவிடுவதே நம்பகமானது.

திரும்ப அடுக்கும்போது நல்லவற்றை நடுவிலும் நலிந்தவற்றை ஓரத்திலும் வைப்பது வெப்பத்தின் கணக்கோடு ஒத்துப்போகும் சிறு தந்திரம். ஒரு மாட்யூலின் நேர்முனைக்கு அருகே அடுத்ததன் எதிர்முனை வரும்படி மாற்றி மாற்றி நிறுத்த வேண்டும்; ஒன்று திரும்பி நின்றாலும் இணைப்பு முழுவதும் குழம்பும். துடைத்த பஸ்பார்களின் நட்டுகளை இறுக்கும் அளவு சுமார் 5.4 நியூட்டன்-மீட்டர்தான், அதாவது டார்க் ஸ்பேனர் இல்லாத கை சாதாரணமாக மிஞ்சிவிடும் அளவு. பிளாஸ்டிக்கில் பதிந்த முனை கொஞ்சம் திரும்பினாலும் உள்ளிருந்து கரைசல் கசியத் தொடங்கும். மாட்யூல்களின் தலைமேல் ஓடும் மெல்லிய குழாயையும் மறக்காமல் இணைக்க வேண்டும். வால்வு திறந்தால் ஹைட்ரஜன் வண்டிக்கு வெளியே போவதற்கான வழி அது. எல்லாம் முடிந்தபின் வண்டி உயிர்பெறாமல் அடம்பிடித்தால் கைதேர்ந்தவர்கள் முதலில் பார்ப்பது சர்வீஸ் பிளக்கைத்தான். கைப்பிடியைச் செருகி, நிமிர்த்தி, அதற்குப் பின் கீழ்நோக்கி நகர்த்தினால்தான் உள்ளே இருக்கும் பூட்டுத் தொடர்பு மூடும். கடைசி அசைவை மறப்பது எல்லாருக்கும் ஒருமுறை நேர்கிறது.

இத்தனைக்கும் பிறகு கிடைப்பது எவ்வளவு காலம்? கெட்ட மாட்யூல் மற்றவற்றைவிட மிகவும் முன்னதாகக் கெட்டிருந்தால், எடுத்துக்காட்டாக முனைக் கசிவோ தயாரிப்புக் குறையோ காரணமாக இருந்து, எஞ்சிய 27ம் நல்ல கொள்ளளவில் தேறியிருந்தால், மாற்று பல ஆண்டுகள் நிற்கக்கூடும். 28ஐயும் சோதித்ததில் பாதிக்கு மேல் சரிந்திருப்பது தெரியவந்தால், ஒன்றை மாற்றுவது அடுத்த பலவீனமானதைத் தலைமைக்குக் கொண்டுவருவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. சில மாதங்களில் வேறோர் இணையின் எண்ணோடு அதே முக்கோணம் எரியும். எனவே மாட்யூல் மாற்றம் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு விடை செயலில் இல்லை, சோதனை அட்டவணையில்தான் இருக்கிறது. அந்த அட்டவணையைக் காட்ட மறுத்துவிட்டு உத்தரவாதம் மட்டும் எழுதித்தரும் பணிமனையில் மாற்றிய பேட்டரி, மாற்றப்படாத பேட்டரியைவிட எவ்வகையிலும் மேலானதென்று கொள்ள இடமில்லை.

எடுத்துப் போடப்பட்ட மாட்யூலில் ஆறில் ஐந்து செல்கள் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும். ஆனால் ஆறும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் வார்க்கப்பட்டு, உள்ளேயே பற்றவைத்து இணைக்கப்பட்டிருப்பதால் கெட்டதை மட்டும் பிரித்தெடுக்க வழியில்லை. பழுதுபார்ப்பின் மிகச் சிறிய அலகு செல் ஆகாமல் மாட்யூலாகவே நின்றுவிட்டது. இப்படிக் கழிந்த மாட்யூல்களை உருக்கிப் பெற்ற நிக்கல் நீண்ட காலம் துருப்பிடிக்காத எஃகு செய்வதற்கே போய்க்கொண்டிருந்தது. 2010இல் டொயோட்டாவும் சுமிட்டோமோ உலோகச் சுரங்க நிறுவனமும் மாட்யூல்களைத் தயாரித்த பிரைம்எர்த் இவி எனர்ஜியும் சேர்ந்து, பழைய ஹைப்ரிட் பேட்டரியின் நிக்கலைப் பிரித்துத் தூய்மையாக்கிப் புது ஹைப்ரிட் பேட்டரியின் மின்வாய்க்கே திருப்பியனுப்பும் முறையை ஜப்பானில் தொடங்கின. கப்பலேறிப் பிற நாடுகளுக்குப் போய்விட்ட வண்டிகளின் மாட்யூல்கள் அந்தச் சுழற்சிக்குத் திரும்புவது அரிது. அவை அந்தந்த நாட்டின் பணிமனை மூலைகளில், நல்ல ஐந்து செல்லையும் கெட்ட ஒன்றையும் சேர்த்துச் சுமந்தபடி, எடைக்கு வாங்குபவருக்காக அடுக்கப்பட்டிருக்கின்றன.